குறை தீர்ந்த தீவு

ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் வரைபடத்தை விரித்து 79ஆவது வடக்கு அட்சக்கோட்டை ஒட்டிப் பார்த்தால், கொங்ஸ்ஃபியோர்டு என்ற கடல்கையின் வடபகுதியில் ஒரு நிலத்துண்டு தெரியும். சுற்றிலும் நீலம், எந்தப் பக்கமும் கரையோடு ஒட்டவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகூடத் தீவு என்று சொல்லிவிடும். ஆனால் அதன்மேல் அச்சிட்டிருக்கும் பெயர் ப்ளூம்ஸ்ட்ராண்ட்ஹால்வோயா. நார்வே மொழியில் ‘ஹால்வோயா’ என்றால் பாதித் தீவு, அதாவது தீபகற்பம். தனித்தமிழ் அன்பர்கள் தீபகற்பத்தைத் தீவக்குறை என்பார்கள். நார்வேக்காரரின் பாதித் தீவுக்கு அது நெருங்கிய உறவு.

பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் பார்த்தபோது வடக்கிலிருந்து ஒரு பனியாறு இறங்கிவந்து அந்த நிலத்தின் முதுகில் சாய்ந்து நின்றது. பனிக்கு அடியில் பாறைதான் இருக்கும், அது கரையோடு சேர்ந்துதான் இருக்கும் என்று எண்ணியது நியாயமே. 1990களின் தொடக்கத்தில் பனி பின்வாங்கியபோது அடியிலிருந்து வெளிப்பட்டது பாறை அல்ல, கடல். நிலம் மாறவில்லை. எப்போதும் தீவாகத்தான் இருந்திருக்கிறது. நடுவிலிருந்த நீரிணையைப் பனி மூடி மறைத்திருந்தது, அவ்வளவுதான். தீவுக்கு இருந்த குறை தீர்ந்துவிட்டது. பெயரில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே தீவில் பனியை நம்பி ஏமாந்த இன்னொரு கதையும் கிடக்கிறது. எர்னஸ்ட் மான்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் இங்கே உயர்தரப் பளிங்கு இருப்பதாகக் கண்டு, 1911 வாக்கில் ‘நியூ லண்டன்’ என்று பெயரிட்டு ஒரு குவாரி தொடங்கினார். நீராவி இயந்திரம், பாரந்தூக்கிகள், தண்டவாளம் எல்லாம் கப்பலில் வந்திறங்கின. வெட்டி எடுத்தபோது கல் உறுதியாகத்தான் இருந்தது. நூற்றாண்டுகளாக உறைந்தும் நெகிழ்ந்தும் அதற்குள் மயிரிழை விரிசல்கள் ஓடியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. உறைபனியின் பிடி விட்டதும் பளிங்கு பொடிந்துபோனது. துருப்பிடித்த இயந்திரங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

பனி எதை மறைக்கிறது, எதைத் தாங்கிப் பிடிக்கிறது என்பது அது விலகும்வரை தெரிவதில்லை. கடலில் முடியும் பனியாறுகளின் புவியியலைப் படிக்கும்போது திரும்பத் திரும்ப இந்த இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைச் சுவரைப் பார்த்து முடிவு சொல்பவர்கள் பெரும்பாலும் தவறிவிடுகிறார்கள். சுவரின் தலைவிதி அதன் அடியில், நீருக்குள், இருட்டில் எழுதப்படுகிறது.

கொங்ஸ்ஃபியோர்டு, அரசனின் ஃபியோர்டு, ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர், அகலம் நான்கிலிருந்து பத்து. கடந்த பனியூழியில் இதன் வழியே ஓடிய பெரும் பனியோட்டம் குடைந்தெடுத்த பள்ளத்தில் பின்னர் கடல் வந்து நிரம்பியது. வெளிப்பகுதி முந்நூறு மீட்டருக்கும் மேல் ஆழம். உட்பகுதியில் தரை எழுந்து, லோவேன் தீவுகள் என்ற சிறு தீவுகளின் வரிசையருகே ஒரு வாசற்படி போல உயர்ந்து, அதற்கு அப்பால் நூறு மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் ஒரு தொட்டியாகிறது. இந்த ஃபியோர்டில் க்ரூனெப்ரேன், கொங்ஸ்வேகன், கொங்ஸ்ப்ரேன், கான்வேப்ரேன், ப்ளூம்ஸ்ட்ராண்ட்ப்ரேன் என்று ஐந்து பனியாறுகள் வந்து முடிகின்றன. ‘ப்ரே’ என்றால் பனியாறு. க்ரூனெப்ரேன் என்றால் மகுடப் பனியாறு. அதன் தலைமாட்டில் பனிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் மூன்று கூம்புச் சிகரங்களுக்கு ‘மூன்று மகுடங்கள்’ என்று பெயர். ஸ்வேயா, நோரா, டானா: ஸ்வீடன், நார்வே, டென்மார்க் நாடுகளுக்கு ஆளுக்கொன்று.

இவ்வளவு வடக்கே இருந்தும் கோடையில் இங்கே கப்பல் வந்து போக முடிகிறது. இதே அட்சக்கோட்டில் கிரீன்லாந்தின் கிழக்குக் கரையை மிதக்கும் கடல்பனி நெருக்கிப் பிடித்திருக்கும். வித்தியாசத்துக்குக் காரணம் மேற்கு ஸ்பிட்ஸ்பெர்கன் நீரோட்டம். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான உப்புநீரை வடக்கே சுமந்து வரும் ஓட்டத்தின் கடைசிக் கிளைகளில் அதுவும் ஒன்று. வெதுவெதுப்பு என்றால் நம்மூர்க் கணக்கில் அல்ல. மூன்று, நான்கு டிகிரி செல்சியஸ். பனிக்கு அதுவே கொதிநீர்.

தென்கரையில் நீ-ஓலெசுண்ட் என்ற சிற்றூர். நிலக்கரிக்காகப் பிறந்த ஊர் அது. 1926 மே 11 அன்று துருவப் பயணிகளான அமுண்ட்சன், எல்ஸ்வொர்த், நொபிலே ஆகியோரை ஏற்றிக்கொண்டு ‘நோர்கே’ என்ற வான்கப்பல் வடதுருவத்தை நோக்கிக் கிளம்பியது இங்கிருந்துதான். அதைக் கட்டிவைத்த இரும்புக் கம்பம் இன்றும் நிற்கிறது. 1962 நவம்பரில் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 21 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் அரசியல் அதிர்வில் மறு ஆண்டு ஓஸ்லோவில் அரசாங்கமே கவிழ்ந்தது. சுரங்கத்தை மூடிய பிறகு ஊர் ஆராய்ச்சியாளர்களின் கைக்குப் போனது. பல நாடுகளின் நிலையங்கள் இப்போது அங்கே இருக்கின்றன. 2008 ஜூலையில் திறக்கப்பட்ட இந்தியாவின் ‘ஹிமாத்ரி’யும் அவற்றுள் ஒன்று. ஸ்வால்பார்டில் இந்தியாவுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய தாள் பதில் சொல்லும். தீவுக்கூட்டத்தின் மீது நார்வேயின் இறையாண்மையை ஏற்று, மற்ற நாட்டவருக்கும் அங்கே தொழில் செய்யும் உரிமையை உறுதி செய்த 1920ஆம் ஆண்டு பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரிலும் ஒரு கையெழுத்து இருக்கிறது.

கடலில் வந்து முடியும் பனியாற்றை ஆங்கிலத்தில் ஓதத்தோடு, அதாவது கடல் ஏற்றவற்றத்தோடு சேர்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கொங்ஸ்ஃபியோர்டில் ஓதத்தின் ஏற்றவற்றம் ஒன்றிரண்டு மீட்டர்தான்; பனியாற்றின் வாழ்வில் அது பெரிய பாத்திரம் எதையும் வகிப்பதில்லை. நம்மிடம் முகத்துவாரம் என்ற சொல் இருக்கிறது. ஆறு கடலைச் சந்திக்கும் இடத்துக்கு முகமும் உண்டு, அது ஒரு வாசலும்கூட என்று சொல்லும் சொல். நிலத்தில் உருகி ஓடையாக முடியும் பனியாறுகளுக்கு முகத்துவாரம் இல்லை. கடலில் முடிபவற்றுக்கு உண்டு. எனவே கடல்முகப் பனியாறு என்றே இங்கே சொல்கிறேன்.

ஸ்வால்பார்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல், சுமார் 57 விழுக்காடு, பனியாறுகளால் மூடப்பட்டது. எண்ணிக்கையில் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை நிலத்திலேயே முடிந்துவிடும் சிறியவை. ஆனால் பெரியவை கடலுக்குத்தான் வருகின்றன. ஆகவே மொத்தப் பனிப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடல்முகப் பனியாறுகளுக்கு உரியது.

அண்டார்க்டிகாவில் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிப்புள்ள பனித்தட்டுகள் கடல்மேல் மிதப்பதைப் படங்களில் பார்த்தவர்கள் இங்கும் அப்படித்தான் என்று நினைக்கக்கூடும். இங்கே பனி மிதப்பதில்லை, கடல்தரையில் காலூன்றி நிற்கிறது. ஏன் என்பதைச் சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். பனிக்கட்டியின் அடர்த்தி கடல்நீரின் அடர்த்தியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு. க்ரூனெப்ரேனின் முகப்பில் நீரின் ஆழம் 80 மீட்டர் அளவு. அங்கே ஒரு பனிச்சுவர் மிதக்கத் தொடங்க வேண்டுமென்றால் அதன் மொத்தத் தடிப்பு 90 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதாவது நீருக்கு மேலே தெரிவது பத்து மீட்டரைத் தாண்டக் கூடாது. க்ரூனெப்ரேனின் சுவரோ பல இடங்களில் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு உயரம். மேலே இருக்கும் அந்த அதிகப்படி எடைதான் அதைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. பனி மெலிந்தால் எடை குறையும், பிடி தளரும். ஆழம் கூடினாலும் அதேதான். பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கே அடிப்படை.

க்ரூனெப்ரேன் ஸ்வால்பார்டின் வேகமான பனியாறுகளில் ஒன்று. கோடையின் உச்சத்தில் முகப்பருகே ஒரு நாளைக்கு மூன்று மீட்டர், சில வேளை அதற்கு மேலும் நகரும். காலையில் காப்பி குடிக்கும்போது பார்த்த பனிக்கட்டி மாலைக்குள் ஆள் நீளத்துக்கு மேல் இடம்பெயர்ந்திருக்கும். ஆனால் வரைபடத்தில் அதன் முனை 1990களிலிருந்து 2011 வரை கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் இருந்தது. கீழே இறங்கும் எஸ்கலேட்டரில் அதே வேகத்தில் மேலே ஏறிக்கொண்டிருப்பவர் நிற்பது போலத் தெரிவாரே, அப்படி. பின்னாலிருந்து வரும் பனியும் முன்னால் இடிந்தும் கரைந்தும் போகும் பனியும் சமமாக இருக்கும்வரை முகப்பு நகர்வதில்லை. இரண்டும் பெரிய எண்கள். வரைபடத்தில் தெரிவது அவற்றுக்கு இடையிலான சிறு வித்தியாசம் மட்டுமே. இந்தத் துறையில் உள்ள குழப்பங்களில் பாதி, வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு எண்களை மறப்பதால் வருகிறது.

அதன் பக்கத்திலேயே, தோளோடு தோளாக, ஒரே முகப்பைப் பகிர்ந்துகொண்டு கொங்ஸ்வேகன் கிடக்கிறது. அரசபாட்டை என்று பொருள். அந்தப் பாட்டையில் போக்குவரத்தே இல்லை. க்ரூனெப்ரேன் ஒரு நாளில் போகும் தூரத்தைக் கொங்ஸ்வேகன் பல பத்தாண்டுகளாக ஓர் ஆண்டில் போய்க்கொண்டிருந்தது. ஒரே வானிலை, ஒரே கடல், ஒட்டிய படுகை. இருந்தும் இவ்வளவு வேறுபாடு. காரணம், கொங்ஸ்வேகன் பாய்ச்சல் வகைப் பனியாறு. நீண்ட காலம் அசையாமல் கிடந்து மேற்பகுதியில் பனியைச் சேர்க்கும், கீழ்ப்பகுதி மெலிந்துகொண்டே வரும், சரிவு செங்குத்தாகும், அடியில் வெப்பமும் நீரும் கூடும். ஒரு கட்டத்தில் படுகையின் பிடி விட்டு, சேர்த்ததையெல்லாம் சில மாதங்களில் அல்லது சில ஆண்டுகளில் கடலை நோக்கிக் கொட்டும். கொங்ஸ்வேகன் கடைசியாகப் பாய்ந்தது 1948 வாக்கில். க்ரூனெப்ரேன் பாய்ந்தது 1869இல். ஸ்வால்பார்டின் வடகிழக்கில் ப்ரோஸ்வெல்ப்ரேன் 1930களின் பிற்பகுதியில் பாய்ந்தபோது அதன் அகன்ற முகப்பு கடலுக்குள் 20 கிலோமீட்டர் அளவுக்கு முன்னேறியது. உலகம் அப்போது குளிர்ந்துகொண்டிருக்கவில்லை. அதன் உள்கணக்கு நிரம்பியது, பாய்ந்தது.

இதனால்தான் ஒற்றைப் பனியாற்றை வெப்பமானி போலக் காட்டும் செய்திகளைப் படிக்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பனிச்சுவர் இடிந்து கடலில் விழும் காட்சிக்கு மேல் ‘புவி வெப்பமாதலின் கோரமுகம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பனிச்சுவர் இடிவது கடல்முகப் பனியாற்றின் அன்றாட வேலை. அலாஸ்காவில் ஹப்பார்ட் என்ற பனியாறு நூறாண்டுக்கு மேலாக முன்னேறிக்கொண்டே இருக்கிறது. 1986இலும் 2002இலும் அது ஒரு ஃபியோர்டின் வாயையே அடைத்து ஏரியாக்கியது. முன்னேறும் அந்தப் பனியாறும் நாள்தோறும் இடிந்து விழுகிறது. இப்படி முறிந்து விழுவதை ஆங்கிலத்திலும் நார்வே மொழியிலும் பசு கன்று ஈனுவதற்கான சொல்லாலேயே குறிக்கிறார்கள். கன்று ஈன்ற பசுவைப் பார்த்து யாரும் அது செத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்வதில்லை.

அப்படியானால் ஒரு கடல்முகப் பனியாறு எப்போது உண்மையிலேயே பின்வாங்கத் தொடங்குகிறது? அலாஸ்காவில் இதற்கான விடையைத் தேடியவர்கள் கடல்தரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முன்னேறும் பனியாறு தன் முன்னால் மண்ணும் கல்லுமாக ஒரு மேட்டைத் தள்ளிக்கொண்டு, அதன் மேலேயே மெல்ல ஏறிச் செல்லும். மேடு இருக்கும்வரை முகப்பில் ஆழம் குறைவு. காலூன்ற இடம் உண்டு. வெதுநீருக்கும் ஒரு தடுப்பு. ஏதோ காரணத்தால் பனி மெலிந்து அந்த மேட்டிலிருந்து பின்னால் ஓர் அடி வைத்துவிட்டால், அங்கே அது முன்பு குடைந்து வைத்த பள்ளம் காத்திருக்கிறது. ஆழம் கூடக்கூட மிதப்பு கூடும், உடைவு கூடும், இன்னும் ஆழத்துக்குப் பின்வாங்கும். அடுத்த ஆழமற்ற இடம் கிடைக்கும்வரை நிற்க வழியில்லை. முன்னேற நூற்றாண்டுகள், பின்வாங்கப் பத்தாண்டுகள்.

அலாஸ்காவின் கொலம்பியா பனியாறு இப்படித்தான் போனது. தன் மேட்டில் நெடுங்காலம் நின்றிருந்த அது விரைவில் பின்வாங்கும் என்று ஆஸ்டின் போஸ்ட், மார்க் மெய்யர் போன்ற அமெரிக்கப் பனியியலாளர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். 1980களில் அது தொடங்கிவிட்டது. இதுவரை 20 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. அது உதிர்த்த பனிப்பாறைகள் கப்பல் பாதைக்கு மிதந்து வந்தன. 1989 மார்ச் 24 அன்று அவற்றைத் தவிர்க்கத் தன் தடத்திலிருந்து விலகிய எண்ணெய்க் கப்பல்தான் பாறைத்திட்டில் மோதிய எக்ஸான் வால்டெஸ். எண்ணெயில் தோய்ந்த பறவைகளை உலகமே பார்த்தது. கப்பலைத் தடம் விலக்கிய பனியின் பின்னணியில் இருந்த கடலடி மேட்டை யார் நினைத்தார்கள்? அலாஸ்காவின் கிளேசியர் பே இன்னும் பழைய சாட்சி. 1794இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் மாலுமிகள் கண்டது பனிச்சுவர் அடைத்துநின்ற ஒரு சிறு குடாவை. 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் படகில் வந்தபோது பனி அறுபது கிலோமீட்டருக்கு மேல் உள்வாங்கியிருந்தது. தொழிற்சாலைப் புகை வானத்தை மாற்றுவதற்கு முந்தைய கதை அது.

இதைச் சொன்னதும் சிலர் மகிழ்ச்சியோடு, ‘ஆக, வெப்பமாதலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்பார்கள். அவசரப்பட வேண்டாம். எங்கே நிற்பது, எவ்வளவு வேகமாக ஓடுவது என்பதைத் தரை தீர்மானிக்கிறது. மேட்டிலிருந்து தள்ளிவிடும் கை வேறு.

கொங்ஸ்ஃபியோர்டில் அந்தக் கையை அடையாளம் காண முடிந்திருக்கிறது. பெரும்பாலான ஃபியோர்டுகளின் வாயில் உயர்ந்த வாசற்படி ஒன்று வெளிக்கடல் நீரை மறிக்கும். கொங்ஸ்ஃபியோர்டின் வாயில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே வெளியே ஓடும் அட்லாண்டிக் நீர் காற்றும் ஓட்டமும் ஒத்துவந்தால் உள்ளே வந்துவிடும். முன்பெல்லாம் கோடையில் வந்து போகும். 2005-06இல் அது குளிர்காலத்திலேயே வெள்ளமாக உள்ளே புகுந்தது. அதற்குப் பிறகு ஃபியோர்டு பழையபடி உறைவதில்லை. ஒரு காலத்தில் நாய்வண்டியும் பனி ஸ்கூட்டரும் போன கடல்பனி இப்போது பெரும்பாலான ஆண்டுகளில் உட்கோடியில், மெலிதாக, சில வாரங்கள்தான்.

க்ரூனெப்ரேன் உட்பட ஸ்வால்பார்டின் மூன்று பனியாறுகளைச் செயற்கைக்கோள் படங்களால் விடாமல் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. முகப்பு எப்போது அதிகம் உடைகிறது என்ற கேள்விக்குப் பொதுப்புத்தி சொல்லும் பதில் ஜூலை: காற்று அதிகமாகச் சூடாகும் மாதம், உருகுநீர் பெருகும் மாதம், பனியாறு வேகமாக ஓடும் மாதம். தரவுகள் காட்டியது வேறு. உடைவு உச்சம் அடைந்தது இலையுதிர் காலத்தில். காற்று குளிர்ந்து, பனியாறு வேகம் குறைந்து, வெளியே எல்லாம் அடங்கிவிட்ட பிறகு. அப்போதுதான் 20 முதல் 60 மீட்டர் ஆழத்திலுள்ள நீர் தன் வெப்ப உச்சத்தில் இருக்கிறது. காற்றைவிடக் கடல் மெதுவாகச் சூடாகிறது, மெதுவாக ஆறுகிறது. வெதுநீர் சுவரின் அடியை அரித்துக் குழியாக்க, மேலே தாங்கலின்றி நிற்கும் பனி முறிந்து விழுகிறது. உடைவின் வேகத்தை முடிவு செய்வது அடியில் நடக்கும் அந்த அரிப்புதான்.

அரிப்புக்குப் பனியாறே துணை போகிறது என்பது இதன் விசித்திரம். மேலே உருகும் நீர் விரிசல்களின் வழியே அடிக்குப் போய், படுகைக்கும் பனிக்கும் நடுவே சுரங்க ஓடைகளாகச் சேர்ந்து, கடல்தரை மட்டத்தில் வெளியே பீறிடுகிறது. நன்னீர் உப்புநீரைவிட லேசானது. ஆகவே சுவரை ஒட்டியே மேல்நோக்கிக் கொப்பளித்து எழும்புகிறது. எழும்போது சுற்றியுள்ள வெதுவெதுப்பான கடல்நீரைத் தன்னைவிடப் பல மடங்கு அளவில் இழுத்துக்கொண்டு பனிமேல் தேய்க்கிறது. மேற்பரப்பில் பார்ப்பவருக்கு அது சுவரடியில் ஒரு செம்பழுப்பு வட்டம். சிவப்பு ஏன் என்றால், மேட்டுப் படுகையில் டெவோனியன் காலத்துச் செம்மணற்கல்லைப் பனி அரைத்துக்கொண்டு வருகிறது. அந்த மணல் படிந்தபோது ஸ்வால்பார்ட் நிலநடுக்கோட்டுக்கு அருகே வெயிலில் கிடந்தது. இன்று அதே மணலைத் துருவப் பனி கடலில் கரைக்கிறது.

செம்பழுப்பு வட்டத்தின்மேல் பறவைகள் மொய்க்கும். கிட்டிவேக் என்னும் கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கி நீரைக் கொத்தும். அடியாழத்திலிருந்து இழுபட்டு மேலே வரும் நுண்ணிறால் போன்ற சிற்றுயிர்கள் திடீரென நன்னீரில் மாட்டிச் செயலிழந்துவிடுகின்றன. பறவைக்கு அது பந்தி. பெலூகா திமிங்கிலங்களும் முகப்புகளை ஒட்டியே இரைதேடும். வளையச் சீல்களுக்கு வேறு தேவை: முறிந்து விழுந்த பனிப்பாறைத் துண்டுகள் கடல்பனியில் சிக்கி உறைந்தால் அவற்றின் ஓரங்களில் காற்று பனித்தூளைக் குவிக்கும், அந்தக் குவியலில்தான் அவை குட்டிக்கு வளை தோண்டும். பனியாறு கடலிலிருந்து விலகித் தரையேறிவிட்டால் உருகுநீர் அடியிலிருந்து எழுவதற்குப் பதில் ஓடையாக வந்து மேற்பரப்பில் சேறாகப் பரவும். ஆழத்துச் சத்தை மேலே கொண்டுவரும் இறைப்பு நின்றுவிடும். கிரீன்லாந்தில் இரு வகை ஃபியோர்டுகளையும் ஒப்பிட்டவர்கள் மீன்வளத்திலும் இந்த வேறுபாட்டைக் கண்டிருக்கிறார்கள்.

சுவரைக் கண்ணால் பார்த்துக்கொண்டேயிருந்து எண்ணியவர்களும் உண்டு. நள்ளிரவிலும் சூரியன் மறையாத காலத்தில், முறைவைத்து விழித்திருந்து, க்ரூனெப்ரேனில் விழுந்த ஒவ்வொரு துண்டையும் நேரத்தோடு குறித்தார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். அந்தக் குறிப்புகளிலிருந்து ஓர் ஒழுங்கு வெளிப்பட்டது. சின்ன உடைவுகள் ஏராளம், பெரியவை அரிது, நடுவில் தனித்த அளவு என்று எதுவுமில்லை. கைப்பிடி கைப்பிடியாகத் தூவும் மணற்குவியலில் ஏற்படும் சரிவுகளின் கணக்கும் இதே மாதிரிதான். சுவர் எப்போதும் சரிவின் விளிம்பிலேயே நிற்கிறது. ஒரு சிறு துண்டு உதிர்ந்தாலும் தொடர்ந்து விழப்போவது வாளியளவா, வீட்டளவா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சுற்றுலாப் படகுகளைத் தள்ளி நிறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

பிறகு கேட்கத் தொடங்கினார்கள். நிலநடுக்கம் பதிவதற்காக நீ-ஓலெசுண்டில் வைத்திருந்த கருவியில் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இடியும் பனியின் அதிர்வும் பதிகிறது. குளிர்கால இருளிலும் மூடுபனியிலும் அது ஓயாது. நீருக்குள் வைத்த ஒலிவாங்கிகள் இன்னும் நெருக்கமாகக் கேட்கின்றன. இங்கே சென்னைக்கு ஒரு பங்கு இருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், ஹைதராபாத்தின் கடல்சார் தகவல் மையத்தோடு சேர்ந்து வடிவமைத்த ‘இண்டார்க்’ என்ற நங்கூரமிட்ட கருவித்தொடர், 2014 ஜூலை 23 அன்று கொங்ஸ்ஃபியோர்டில் 192 மீட்டர் ஆழத்தில் இறக்கப்பட்டது. நீரின் வெப்பம், உப்புத்தன்மை, ஓட்டம் ஆகியவற்றை வெவ்வேறு ஆழங்களில் குளிர்காலம் முழுக்க அளக்கும் ஏற்பாடு. அதோடு நீரடி இரைச்சலையும் பதிந்தார்கள். வங்கக்கடலின் மழையோசையையும் கப்பலோசையையும் பிரித்தறியப் பழகியவர்களுக்கு இங்கே கிடைத்தது புது வகை இரைச்சல். பனியாற்றுப் பனிக்குள் அழுத்தத்தில் அடைபட்ட பழங்காற்றுக் குமிழ்கள் உருகும்போது ஒவ்வொன்றாக வெடிக்கின்றன. அப்பளம் பொரிவது போல ஓயாத சடசடப்பு. பனியாறு முடியும் ஃபியோர்டுகள் கடலின் மிக இரைச்சலான இடங்களில் சேர்த்தி என்று அளந்தவர்கள் சொல்கிறார்கள். மேலிருந்து பார்க்கும் படங்களில் அவ்விடம் பேரமைதியாகத் தெரியும்.

2011க்குப் பிறகு க்ரூனெப்ரேனின் முகப்பு தன் பழைய இடத்தை விட்டுவிட்டது. சில ஆண்டுகளுக்குள் பல நூறு மீட்டர் உள்வாங்கியது. அரசபாட்டையிலும் அசைவு தெரிகிறது. அண்மை ஆண்டுகளாகக் கொங்ஸ்வேகனின் வேகம் கூடிவருகிறது. அது இன்னொரு பாய்ச்சலின் தொடக்கமாக இருந்தால், சுற்றிலும் எல்லாம் பின்வாங்கும்போது அது மட்டும் முன்னேறி வரும். அன்றைக்கு வரப்போகும் தலைப்புச் செய்திகளை நினைத்தால் சிரிப்பாகவும் கவலையாகவும் இருக்கிறது. ஒன்றிரண்டைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு வழி கிடைத்திருக்கிறது. 1936இலும் 1938இலும் நார்வே அளவையாளர்கள் விமானத்திலிருந்து சாய்கோணத்தில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்கள் பெட்டிகளில் இருந்தன. 2022இல் வெளியான ஆய்வு அவற்றைக் கணினியில் பொருத்தி 1,594 பனியாறுகளின் அன்றைய முப்பரிமாண வடிவத்தை மீட்டெடுத்தது. பாய்ச்சல்களின் ஏற்றவிறக்கமெல்லாம் கூட்டலில் கரைந்துபோக, மிஞ்சியது மெலிவு. இந்த நூற்றாண்டில் அந்த மெலிவின் வேகம் 1936 முதல் 2010 வரை இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும் என்பது அவர்களின் கணிப்பு.

பனி விலகிய இடத்தில் புதிதாகக் கிடைத்த கடலுக்கு ஆழம் எவ்வளவு என்பது பல இடங்களில் யாரும் அளக்காதது. கடல் வரைபடங்களைத் திருத்தும் வேகத்தைவிட முகப்புகள் போகும் வேகம் அதிகம். ஸ்வால்பார்டின் ஃபியோர்டுகளில் உட்கோடிவரை போகும் படகோட்டிகளுக்கு இது பழகிப்போன காட்சி: படகு திறந்த நீரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும், முன்னால் அரைக் கிலோமீட்டர் தள்ளிச் சுவர் வெள்ளையாக நிற்கும், கையருகே உள்ள திரையிலோ படகைக் குறிக்கும் சிறு முக்கோணம் கரைக்கோட்டைக் கடந்து, ஆழ எண் ஒன்றுகூட இல்லாத வெற்று வெள்ளையில், பனியாற்றின்மேல் ஊர்ந்துகொண்டிருக்கும்.